பீடோங் வெயிலில் ஸ்டாக் கரைசல்கள்: புரதப் படிக வேலைக்கு நாங்கள் கரைப்பதும் காப்பதும்

புரதத்தின் அமைப்பை எக்ஸ்ரேயில் பார்ப்பதற்கு முதலில் அதைப் படிகமாக்க வேண்டும்; அதற்குப் புரதத்தைக் கரைசலிலிருந்து மெல்ல வெளியே தள்ளும் பெக் போன்றவற்றைச் செறிவாகக் கரைத்து, வேண்டும்போது கலந்துகொள்ள ஸ்டாக் கரைசலாக வைத்திருப்போம். புதிதாகக் கரைத்த பெக்கில் படிகம் வரவில்லை, பழைய பாட்டிலில் போட்டால் மட்டும் வருகிறது என்று ஒரு மாணவி வந்து நின்றார். புரதத்தைப் பற்றி எதுவும் கேட்காமல், "பழைய பாட்டிலில் என்ன எழுதியிருக்கு?" என்றேன்.

"பெக் 4000, 50%. அவ்வளவுதான்க்கா. தேதிகூட இல்லை."

யார் கரைத்தது என்றும் தெரியவில்லை. அலமாரியின் முன்வரிசையில், ஜன்னல் வெளிச்சம் படும் இடத்தில், பாதி காலியாக நின்ற கண்ணாடி பாட்டில் அது. வெளிச்சம், பாட்டிலுக்குள் பாதி காற்று, தெரியாத வயது. விடை ஏறக்குறைய அங்கேயே இருந்தது.

நாங்கள் பெக் என்று சொல்லும் பாலிஎத்திலீன் கிளைக்கால் நீளமான ஈதர் சங்கிலி. காற்றிலிருக்கும் ஆக்சிஜன் அதைத் தாக்கினால் முதலில் பெராக்சைடு உண்டாகும். பிறகு சங்கிலி அங்கங்கே அறுந்து ஆல்டிஹைடுகளும் ஃபார்மிக் அமிலமும் வரும். வெளிச்சமும் சூடும் இதை வேகப்படுத்தும். ஃபார்மிக் அமிலம் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட் போடுவதற்கு ஊற்றும் ஆசிட் அதுதான். அதே அமிலம் பெக் பாட்டிலுக்குள் யாரும் ஊற்றாமலே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டிருக்கும். கரைசல் தெளிவாகவே இருக்கும், நிறமும் மாறாது. பி.எச். மட்டும் இறங்கிக்கொண்டே போகும்.

இரண்டு பாட்டில்களிலிருந்தும் எடுத்து, பி.எச்.சை அதிகம் நகராமல் பிடித்து வைக்கும் அதே ஹெப்பெஸ் பஃபரோடும் அதே உப்போடும் கலந்து, கடைசிக் கலவையின் பி.எச். பார்த்தோம். பழைய பெக் போட்டது கிட்டத்தட்ட அரை அலகு கீழே இருந்தது. பெராக்சைடு தாளிலும் பழையது நிறம் காட்டியது, புதியது காட்டவில்லை. அப்புறம் புதிய பெக்கை வைத்துக்கொண்டு ஹெப்பெஸை மட்டும் படிப்படியாகக் கீழே இறக்கிப் போட்டதில் படிகம் வந்தது. அந்தப் புரதத்துக்குப் பிடித்த பி.எச். லேபிளில் இருந்தது அல்ல, பாட்டிலுக்குள் இருந்தது. இந்த முறை காரணம் பி.எச். என்பதால் சுலபமாக முடிந்தது. ஆல்டிஹைடு புரதத்தின் லைசின் என்ற அமினோ அமிலங்களைப் பிடித்து ஒட்டவும் செய்யும், பெராக்சைடு சிஸ்டீனையும் மெத்தியோனினையும் ஆக்சிஜனேற்றவும் செய்யும். அப்படி ஏதாவது நடந்துதான் படிகம் வந்திருந்தால் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவருடைய ஆய்வுக் காலமே முடிந்திருக்கும்.

எங்கள் ஆய்வுக்கூடம் இருப்பது மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கம். வாசலில் நின்றால் ஜெராய் மலை தெரியும். சுற்றிலும் தோட்டங்கள், இப்போது பால்மரம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரத்தைவிடச் செம்பனைதான் (எண்ணெய்ப் பனை) கண்ணில் படுகிறது. சின்ன இடம். ஏர்கோன் படிகத் தட்டுகள் வைக்கும் அறைக்கு மட்டும்தான் உண்டு. கரைசல் கரைக்கும் மேசை, தராசு, பி.எச். மீட்டர் எல்லாம் காற்றாடி ஓடும் பெரிய கூடத்தில். மதியத்தில் அங்கே 31, 32 டிகிரி வந்துவிடும். படிக வேலையைப் பற்றிய கையேடுகள் பெரும்பாலும் 20 டிகிரியில் இருக்கும், ஈரமில்லாத ஓர் அறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே அதை அப்படியே பின்பற்றினால் எந்தெந்த இடத்தில் இடறும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

மாணவி எடுத்துக்கொண்ட புரதமும் இந்த மண்ணுக்கு நெருக்கமானதுதான். பால்மரத்தின் பாலில் இருக்கும் ஹெவமின் என்ற நொதி. இதன் முப்பரிமாண அமைப்பு நெதர்லாந்தின் குரோனிங்கனில் 1990களிலேயே கண்டறியப்பட்டுவிட்டது, ஆகவே பயிற்சிக்கு நல்ல புரதம். ஒரே ஒரு நிபந்தனை: அமோனியா கலக்காத பால் வேண்டும். மரத்தில் பால் வடியும் கிண்ணமான மங்கிலிருந்து வாளிக்கு வந்து, ஸ்டோருக்குப் போனால் உறையாமலிருக்க அமோனியா ஊற்றிவிடுவார்கள். அதனால் விடியற்காலையில் மரத்தடிக்கே ஐஸ் நிரப்பிய பெட்டியோடு போக வேண்டும். அவருடைய பெரியப்பா சொந்த நிலத்தில் பால் வெட்டுகிறவர் என்பதால் அந்தக் கவலை இல்லை. புரதம் சுத்தமாக வந்தது, தொல்லை கொடுத்தது கரைசல்கள்தான்.

ஸ்டாக் கரைசலில் ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்கலாம். தட்டின் மூடியின் அடியில் தொங்கவிடும் ஒரு துளியில் இருப்பது ஒரு மைக்ரோலிட்டர் புரதமும் ஒரு மைக்ரோலிட்டர் கரைசலும்தான். கீழே கிணற்றில் அரை மில்லிலிட்டர் கரைசல் உட்கார்ந்து, துளியிலிருந்து மெதுவாகத் தண்ணீரை இழுக்கும். புரதம் கரைந்திருப்பதா, சேறாக வீழ்வதா, படிகமாவதா என்பதை ஒன்றிரண்டு சதவீத வித்தியாசம் முடிவு செய்துவிடும். எந்தக் கலவையில் படிகம் வரும் என்ற முதல் தேடலை எல்லோரும் கடையில் வாங்கிய, தயாராகக் கலந்த கரைசல்களின் தொகுப்பில் செய்கிறோம். 1991இல் ஜான்கரிக்கும் கிம்மும் வெளியிட்ட ஐம்பது கலவைகள்தான் அவற்றில் பெயர்பெற்றது. ஹாம்டன் ரிசர்ச் நிறுவனத்தின் கிறிஸ்டல் ஸ்கிரீன் அதை ஒட்டியது. அதில் ஏதோ ஒரு குழியில் முள்முள்ளாகக் கொஞ்சம் படிகம் தெரியும். அதை நல்ல படிகமாக வளர்ப்பதற்கு அந்தக் கலவையை நாமே கலக்க வேண்டும், சதவீதத்தையும் பி.எச்.சையும் ஏற்றி இறக்க வேண்டும். அப்போதுதான் நம் அலமாரியின் லட்சணம் தெரியவரும்.

தொகுப்பின் அட்டையில் போட்டிருக்கும் பி.எச். கடைசிக் கலவையுடையது அல்ல. கலப்பதற்கு முன்னால் 1 மோலார் பஃபர் ஸ்டாக்குக்கு வைத்த பி.எச். அது. எனவே அதே கலவையைத் திரும்பச் செய்யும்போது நாமும் 1 மோலார் பஃபரைத்தான் அந்த எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும் கலந்துவிட்டு, மீட்டரை உள்ளே விட்டு, எண் சரியில்லை என்று அமிலம் ஊற்றிச் சரிசெய்தால் அது வேறு கலவையாகிவிடும். அளந்து நோட்டில் எழுதி வைக்கலாம், எழுத வேண்டும். திருத்தக் கூடாது. எந்த அமிலத்தால், எந்தக் காரத்தால் திருத்தினோம் என்பதும் முக்கியம். டிரிஸ் என்ற பஃபரை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் இறக்கினால் குளோரைடு சேரும், அசிட்டிக் அமிலத்தால் இறக்கினால் அசிட்டேட் சேரும். படிகத்துக்கு இரண்டும் ஒன்றல்ல.

பெக் கரைப்பதற்கு வருகிறேன். 50% என்பது எடைக்குக் கன அளவு. அதாவது 50 கிராம் பெக் எடுத்து, கடைசியில் மொத்தம் 100 மி.லி. ஆக்க வேண்டும். 50 கிராமையும் 50 மி.லி. தண்ணீரையும் கலந்தால் 100 மி.லி. வராது, சுமார் 92 மி.லி.தான் வரும். அது எடைக்கு எடை 50%. கன அளவுக் கணக்கில் பார்த்தால் 54%ஐ ஒட்டி வந்துவிடும். ஓர் ஆய்வுக்கூடத்துப் படிகம் இன்னோர் இடத்தில் வராமல் போவதற்கு இந்தக் குழப்பம் ஒன்றே போதும். இரண்டில் எது வேண்டுமானாலும் பின்பற்றுங்கள், லேபிளில் எது என்று எழுதிவிடுங்கள்.

பீக்கரில் முதலில் 45 மி.லி. தண்ணீரை எடுத்து, காந்தக் கலக்கியைச் சுழலவிட்டு, பெக்கைச் சிறிது சிறிதாகத் தூவுகிறோம். ரவையை ஒரேயடியாகக் கொட்டியது போலக் கொட்டினால் கட்டி தட்டி, காந்தம் நின்றுவிடும். லேசாகச் சூடாக்கலாம். 40, 50 டிகிரி போதும், அதற்கு மேல் வேண்டாம், கரைந்ததும் சூட்டை அணைத்துவிட வேண்டும். கலக்கும்போது காற்றுக் குமிழிகள் நிறைய ஏறிக்கொள்ளும். மூடி வைத்து, குமிழி அடங்கி, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் அளவுக் குடுவையில் கோடு வரை தண்ணீர் விட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு கோட்டைத் தொட்டால் ஆறியதும் அளவு இறங்கியிருக்கும்.

ஏன் 50%? குறைவாகக் கரைத்தால் வேலை சுலபம்தானே என்று ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வருகிறவர் கேட்பார். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 30% பெக் 4000, 0.2 மோலார் மெக்னீசியம் குளோரைடு, 0.1 மோலார் டிரிஸ் 8.5 என்பது கிறிஸ்டல் ஸ்கிரீன் தொகுப்பின் ஆறாவது கலவை. 1 மி.லி.க்கு 50% பெக்கில் 600 மைக்ரோலிட்டர், 1 மோலார் மெக்னீசியம் குளோரைடில் 200, 1 மோலார் டிரிஸ்ஸில் 100. தண்ணீருக்கு இன்னும் 100 மைக்ரோலிட்டர் இடமிருக்கிறது. பெக் 40%தான் என்றால் அதுவே 750 எடுத்துக்கொள்ளும், மொத்தம் 1050 ஆகி பாத்திரம் கொள்ளாது. சதவீதத்தை இன்னும் ஏற்றிப் பார்க்க வேண்டுமென்றால் சொல்லவே வேண்டாம். அதற்காகத்தான் உப்புகளையும் கரையும் எல்லைக்கு அருகில் கொண்டுபோய் ஸ்டாக் வைப்பது.

50% பெக்கைச் சாதாரண பிப்பெட்டில் எடுத்தால் முனையின் உட்சுவரில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் குறைவாகவே விழும். முனையைக் கத்தரித்து வாயை அகலமாக்கி, மெதுவாக இழுத்து, மெதுவாக விட்டால் ஓரளவு சரியாகும். எனக்கு அதைவிட நம்பிக்கையானது தராசு. புதிதாகக் கரைத்த ஒவ்வொரு பெக்குக்கும் 10 மி.லி. அளவுக் குடுவையில் எடுத்து நிறுத்து, ஒரு மி.லி. எத்தனை கிராம் என்று லேபிளில் எழுதிவிடுகிறேன். பெரிய அளவில் கலக்கும்போது பெக்கை நிறுத்தே ஊற்றுவோம். ஆளுக்கு ஆள் வித்தியாசம் வருவது அதிலிருந்து வெகுவாகக் குறைந்தது.

கரைத்ததை ஒரே பெரிய பாட்டிலில் வைப்பதில்லை. 50 மி.லி. பிளாஸ்டிக் குழாய்களில் கழுத்து வரை ஊற்றி, காற்றுக்கு அதிக இடம் விடாமல் மூடி, பாராஃபிலிம் சுற்றி, மேலே அலுமினியத் தாள் போர்த்தி ஃப்ரீசரில் போடுகிறோம். ஒரு குழாய் மட்டும் 4 டிகிரியில் பயன்பாட்டில் இருக்கும். உறைந்ததை வெளியே எடுத்தால் முழுவதும் இளகவிட்டு, நன்றாகக் குலுக்கிய பிறகுதான் தொட வேண்டும். மேலே தண்ணீராகவும் கீழே கெட்டியாகவும் பிரிந்து நிற்கும். மேலாக உறிஞ்சினால் 50% என்ற பேருக்கு வேறு ஏதோ போகும். வசதியுள்ள இடங்களில் நைட்ரஜனையோ ஆர்கானையோ ஊதி மூடுவார்கள். எங்களிடம் சிலிண்டர் இருக்கிற மாதம் நாங்களும் ஊதுவோம்.

இனி இந்த ஊரின் ஈரம். மெக்னீசியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு, அம்மோனியம் அசிட்டேட், பொட்டாசியம் தயோசயனேட் எல்லாம் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும் உப்புகள். மழைக்காலத்தில் தராசில் வைத்துப் பாருங்கள், எண் ஒரு நிலையில் நிற்காது. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறும். பாட்டிலைத் திறந்து திறந்து மூடியதில் அடியில் ஏற்கனவே பாதி சகதியாகியிருக்கும். அதில் எத்தனை கிராம் உப்பு, எத்தனை கிராம் தண்ணீர் என்று தராசு சொல்லாது.

இதற்கு நாங்கள் கண்ட வழி, சிறிய பாட்டிலாக வாங்கி, திறந்த அன்றே முழுவதையும் கரைத்துவிடுவது. அட்டையில் போட்டிருக்கும் எடையை வைத்துத் தேவைக்குச் சற்று அதிகச் செறிவாகக் கரைத்து, அப்புறம் ஒளிவிலகல் எண்ணைப் பார்த்து அளவுக்குக் கொண்டுவருவோம். கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர், பழச்சாற்றில் இனிப்பைப் பார்க்கப் பயன்படுத்துகிறார்களே, அதேதான். விலையும் அதிகமில்லை. கருவி காட்டுவது சர்க்கரை அளவு என்றாலும், அது உண்மையில் பார்ப்பது ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைத்தான். நல்ல நிலையில் இருக்கும் உப்பை நிறுத்துக் கரைத்த கரைசலுக்கு என்ன எண் வருகிறது என்று ஒரு பட்டியல் போட்டு வைத்துவிட்டால், அடுத்தடுத்த முறை கரைத்தது சரியா என்று ஒரு சொட்டில் பார்த்துவிடலாம். பெக்குக்கும் அம்மோனியம் சல்ஃபேட்டுக்கும் இது நன்றாகவே வேலை செய்கிறது. பஃபரின் பி.எச்.சை மட்டும் இது சொல்லாது.

இன்னொன்று, ஐஸ் பெட்டியிலிருந்து, அதாவது குளிர்சாதனப் பெட்டியிலிருந்து, எடுத்த ரசாயனப் பாட்டிலை உடனே திறக்கக் கூடாது. இங்கே காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, 20 டிகிரி ஏர்கோன் அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த பாட்டில்கூட வியர்க்கும். 4 டிகிரியிலிருந்து வந்தது திறந்த நொடியில் உள்ளே தூளின் மேலேயே பனி பிடித்துவிடும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் வைத்தே வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்கிறோம். புரதம் ஆக்சிஜனேறாமல் காக்கச் சேர்க்கும் டிடிடி (டைதியோதிரைட்டால்) போன்ற தூள்களுக்கு இதைத் தவறவே விடக் கூடாது.

அம்மோனியம் சல்ஃபேட்டுக்கு ஈரத் தொல்லை குறைவு, பொறுமைதான் அதிகம் வேண்டும். 3.5 மோலார் வைக்கிறோம். 500 மி.லி.க்கு 231 கிராம் சொச்சம். 350 மி.லி. தண்ணீரில் தொடங்கினால் போதும், உப்பே நிறைய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கரையும்போது பீக்கர் குளிர்ந்துபோகும், கையால் தொட்டாலே தெரியும். பழைய சூட்டுக்குத் திரும்பிய பிறகுதான் அளவைச் சரிசெய்ய வேண்டும். பூரிதக் கரைசல் என்று எழுதி வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. 25 டிகிரியில் அது 4.1 மோலாருக்கு அருகில், 0 டிகிரியில் 3.9. எந்தச் சூட்டில் பூரிதம் என்று எழுதாவிட்டால் அந்தச் சொல்லால் பயனில்லை. 3.5 என்று வைத்துவிட்டால் ஐஸ் பெட்டியிலும் கீழே படியாது.

அம்மோனியாவையும் மறந்துவிடக் கூடாது. பி.எச். 8க்கு மேல் போகும் கலவையில் அம்மோனியம் உப்பு இருந்தால் அமோனியா வாயுவாகக் கிளம்பும். பாட்டிலிலிருந்து போனால் பாட்டிலின் பி.எச். இறங்கும். தட்டில் ஒரே மூடிக்குள் இருக்கும் துளிக்கோ, கிணற்றிலிருந்து வரும் அமோனியாவே பி.எச்.சை மாற்றிவிடும். பால் ஸ்டோர் பக்கம் போனவர்களுக்கு அந்த வாயு எவ்வளவு சுலபமாகக் கிளம்பும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மோனியம் சல்ஃபேட் ஸ்டாக்கைத் திருத்தாமல் அதன் இயல்பான, சற்று அமிலமான நிலையிலேயே வைப்பது நல்லது. காரப் பக்கம் கொண்டுபோகும் வேலையைக் கலக்கும் நேரத்தில் பஃபர் பார்த்துக்கொள்ளட்டும்.

சூட்டால் வரும் தொல்லையில் முதலிடம் டிரிஸ்ஸுக்கு. ஒரு டிகிரி ஏறினால் அதன் பி.எச். சுமார் 0.028 இறங்கும். 31 டிகிரிக் கூடத்தில் 8.5 என்று திருத்தி, 20 டிகிரி படிக அறைக்குக் கொண்டுபோனால் அது 8.8. ஐஸ் பெட்டியில் 9.2ஐத் தாண்டும். மீட்டரில் வெப்பத் திருத்தம் இருக்கிறதே என்று மாணவர்கள் சொல்வார்கள். அது மின்முனையின் நடத்தையைத்தான் திருத்தும், பஃபர் மாறுவதை அது திருத்தாது. எனவே எங்கள் வழக்கம் இதுதான்: டிரிஸ் கரைத்த பீக்கரைப் படிக அறைக்குள் கொண்டுபோய், மீட்டரையும் அளவீட்டுப் பஃபர்களையும் உடன் கொண்டுபோய், எல்லாம் 20 டிகிரிக்கு வந்தபின் அங்கேயே திருத்துவது. லேபிளில் "8.5, 20 டிகிரியில்" என்று இருக்கும். ஹெப்பெஸ் இதில் பாதி அளவுதான் நகரும், பாஸ்பேட்டும் அசிட்டேட்டும் அதிகம் நகராது. ஹெப்பெஸ்ஸுக்கு வேறொரு குணம் உண்டு, வெளிச்சத்தில் வைத்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அதனால் அதற்கும் அலுமினியத் தாள்.

டைசோடியம் பாஸ்பேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1 மோலார் கரைசல் எங்கள் கூடத்துச் சூட்டில் அழகாகக் கரையும். காலையில் ஏர்கோன் அறையில் போய்ப் பார்த்தால் பாட்டிலின் அடியில் கண்ணாடித் துண்டுகள் போலப் படிகம் நிற்கும். 30 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் 22 கிராம் கரைவது, 20 டிகிரியில் 8 கிராமைக்கூடத் தொடாது. மேலே நிற்கும் தெளிவான கரைசல் இப்போது 1 மோலார் அல்ல. சோடியம் சல்ஃபேட்டும் ஐஸ் பெட்டியில் இதையே செய்யும். பாஸ்பேட் அதிகச் செறிவில் வேண்டுமென்றால் காரப் பங்குக்குப் பொட்டாசியம் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள், நன்றாகக் கரையும். பாஸ்பேட் இருக்கும் கலவையில் கால்சியத்தை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். துளியில் மினுமினுக்கும் அருமையான படிகம் வரும், எக்ஸ்ரேயில் வைத்தால் வெறும் உப்பு. ஊசியால் தொட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். புரதப் படிகம் மெத்தென்று நொறுங்கும், உப்பு கடக்கென்று உடையும்.

எல்லாக் கரைசலையும் 0.22 மைக்ரோன் வடிகட்டியில் வடிக்கிறோம். தூசி இருந்தால் அதைச் சுற்றித் தேவையில்லாத இடத்தில் படிகம் தொடங்கும், பூஞ்சையும் அங்கேதான் தொடங்கும். 50% பெக் அந்த வடிகட்டியில் இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். லேசாகச் சூடாக்கிவிட்டு 0.45இல் வடிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். பூஞ்சைக்கு மிகப் பிடித்தவை அசிட்டேட், சிட்ரேட், பாஸ்பேட், டார்ட்ரேட், அப்புறம் சர்க்கரைக் கரைசல்கள். இந்த ஊரில் வெளியே வைத்தால் வெண்ணூல் போல மிதக்கத் தொடங்க அதிக நாள் ஆகாது. அப்படி மிதப்பதை வடிகட்டிப் பயன்படுத்தலாமா என்று கேட்காதீர்கள். கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள், பூஞ்சை எதைத் தின்று எதை விட்டது என்று யாருக்கும் தெரியாது.

சோடியம் அசைடு 0.02% சேர்த்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் வராது. நான் எல்லாப் பாட்டிலிலும் சேர்ப்பதில்லை. அது கொடிய நஞ்சு. அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும், செம்பு அல்லது ஈயக் குழாய் உள்ள தொட்டியில் ஊற்றினால் வெடிக்கக்கூடிய உப்பு படியும். ஹீம் என்ற இரும்புப் பகுதி உள்ள புரதங்களின் உலோகத்தில் போய் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். சேர்த்திருந்தால் லேபிளில் சிவப்பு மையில் எழுதுகிறோம். காகோடிலேட் பஃபருக்கும் அதே சிவப்பு மை, ஏனென்றால் அதில் இருப்பது ஆர்சனிக். பி.எச். 6.5 பக்கம் வேண்டியவர்களுக்கு மெஸ் அல்லது பிஸ்-டிரிஸ் பஃபரைப் போட்டுப் பாருங்கள் என்பேன். தொகுப்பில் காகோடிலேட்டில்தான் படிகம் வந்தது என்றால் மட்டும், கையுறையோடு, வேண்டிய அளவுக்கு மட்டும் கரைக்கலாம். கழிவு தனிக் கலனுக்குப் போக வேண்டும். 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகள் சின்ன ஆய்வுக்கூடத்துக்கும் பொருந்தும்.

டிடிடியை ஸ்டாக் என்று சொல்வதே தப்பு என்று எனக்குத் தோன்றும். 20 டிகிரியில் பி.எச். 8.5 என்றால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதி போய்விடும், 6.5இல் ஏறக்குறைய 40 மணி நேரம் தாங்கும். 1 மோலாராகக் கரைத்துச் சிறு குழாய்களில் பிரித்து ஃப்ரீசரில் வைத்து, ஒரு குழாயை ஒரு முறை இளக்கி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். படிகத் தட்டு வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் வேலைக்கு, டிடிடியின் அதே வேலையைச் செய்யும் டிசெப் மேல். பாஸ்பேட் பஃபரில் மட்டும் அதுவும் நிலைக்காது.

ஃப்ரீசர் என்றதும் கரண்டு ஞாபகம் வருகிறது. இடி மின்னல் அடித்தால் இங்கே சுவிட்ச் ட்ரிப் ஆகும். சனிக்கிழமை மதியம் போனது திங்கட்கிழமை காலை வரை யாருக்கும் தெரியாமல் இருந்ததுண்டு. அதற்குள் ஐஸ் பெட்டி கூடத்துச் சூட்டுக்கே வந்துவிடும், பிறகு கரண்டு வந்ததும் பழையபடி குளிர்ந்து, ஒன்றுமே நடக்காதது போல நிற்கும். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைக்கும் சாதாரண வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்தோம். காவலில் இருக்கும் அண்ணனிடமும் சொல்லி வைத்தோம்: "மழை விட்டதும் இந்த விளக்கு எரியுதான்னு மட்டும் ஒரு எட்டு பார்த்துருங்கண்ணே." வெப்பமானியின் அதிகபட்ச எண்ணை வாரம் ஒருமுறை பதிவேட்டில் எழுதுகிறோம். ஒரு தொகுதிக் கரைசல் சரியில்லை என்று சந்தேகம் வந்தால் முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான்.

லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருக்கிறோம். பெயர், செறிவு, எடையா கன அளவா, பி.எச்.சும் அது எந்தச் சூட்டில் என்பதும், எதனால் திருத்தியது, தூளின் தொகுதி எண், கரைத்த தேதி, திறந்த தேதி, கரைத்தவர். கரைத்த தேதியைவிடத் திறந்த தேதிதான் பல நேரம் உதவுகிறது. எழுதுவதற்குப் பென்சிலோ சாராயத்தில் அழியாத பேனாவோ வேண்டும், சாதாரண மார்க்கர் வியர்த்த பாட்டிலில் வழிந்துவிடும். லேபிளின் மேல் அகலமான ஒட்டுநாடா ஒன்றைச் சுற்றிவிட்டால் இன்னும் நல்லது.

புதிய தொகுதி கரைத்ததும் பழையதைக் கொட்டாமல் கொஞ்சம் வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே தட்டில் அருகருகே போட்டுப் பார்க்கிறோம். அதற்கு விலையுயர்ந்த புரதம் வேண்டாம், முட்டை வெள்ளைக் கருவின் லைசோசைம் போதும். மி.லி.க்கு 50 மில்லிகிராம், சோடியம் அசிட்டேட் 4.6, கிணற்றில் 5இலிருந்து 8% வரை சோடியம் குளோரைடு. 20 டிகிரியில் மறுநாளே கண்ணுக்குத் தெரியும் படிகம் வரும். கூடத்துச் சூட்டில் வைத்தால் லைசோசைம் அதிகம் கரைந்து படிகம் குறையும், அதனால் தட்டு ஏர்கோன் அறையில்தான் இருக்க வேண்டும். இதில் தெரியவருவது அசிட்டேட்டும் உப்பும் தண்ணீரும் சரியா என்பது மட்டும்தான். பெக்குக்கு அவரவர் புரதத்தில்தான் பார்க்க வேண்டும், அதற்கென்று அந்த மாணவி ஹெவமினில் கொஞ்சம் தனியாக உறைய வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.